பரங்கிமலைப் பீரங்கியும் ஏழாவது தோட்டாவும்

தோட்டாவைச் சோதிக்கும்போது முதல் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போய்விட்டால் யாருக்கும் தலைகால் புரியாது. 50 மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்த அட்டையை எடுத்துவந்து, கிழிசலின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்து, "இதுதான் நமக்கான தோட்டா" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஏழாவது குண்டு தனியாகப் போய் ஓரத்தில் உட்காரும்போதுதான் முகம் மாறும். "அது என் கை ஆடினதுப்பா" என்று அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. சோதனை கெடுவது அந்த இடத்தில்தான்.

ஒரு துப்பாக்கி எவ்வளவு சிதறும் என்பது பகடை விவகாரம். மூன்று தரம் உருட்டி மூன்றும் நாலாகவே விழுந்தால், பகடையில் நாலு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்வோமா? மூன்று குண்டுகளின் விரிவு சராசரியாக 10 மில்லிமீட்டர் வருகிற ஒரு துப்பாக்கியில் பத்து குண்டு சுட்டால், எதுவுமே கெட்டுப்போகாமல், விரிவு சராசரியாக 16 மில்லிமீட்டர் ஆகிவிடும். வெறும் நிகழ்தகவுக் கணக்கு அது. மூன்று குண்டு அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறவர் பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியை மட்டும் சொல்கிறார்.

தனக்கு ஏற்ற தோட்டாவை எப்படித் தேடுவது? அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைப் பொருத்தி, எந்த அளவு தங்கள் குழலுக்கு ஒத்துவருகிறது என்று தேடுவது அவர்களுக்கு ஒரு தனிப் பைத்தியம். நமக்கு அந்த வழி இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முடித்துவிட்டன. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் ஆயுதச் சட்டம் பாயும். போட்டிகளில் சுடுகிற .22 தோட்டாவையோ மறுபடி நிரப்பவே முடியாது. அதில் தீப்பற்றும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. சுடும்போது ஊசி அந்த விளிம்பையே நசுக்கிவிடும்.

ஆகவே மிச்சம் இருப்பது 'லாட்', அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, பார்த்து வாங்குவது. ஒரே டிசைன் புடவைக்கு இரண்டு தடவை சாயம் போட்டால் நிறம் ஒரு இழை தள்ளித் தெரிவதுபோல, ஒரே கம்பெனியின் ஒரே வகைத் தோட்டாவும் லாட்டுக்கு லாட் மாறும். ஈலி, லாபுவா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சோதனைக்கூடம் வைத்திருக்கின்றன. வீரர் தன் ரைபிளையே எடுத்துப் போகலாம். மனிதக் கை படாமல் அதை இரும்புப் பிடியில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்ப்பார்கள். ஒருவரின் துப்பாக்கிக்கு அமிர்தமாக இருக்கும் லாட், பக்கத்தில் நிற்பவரின் துப்பாக்கியில் சொதப்பும்.

லாட்டுக்கு லாட் அப்படி என்னதான் மாறுகிறது? முக்கியமாக வேகம். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டையும் 320 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டாலும், 50 மீட்டரில் மெதுவான குண்டு சுமார் 7 மில்லிமீட்டர் கீழே விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்.

சரி, வேகமான தோட்டாவாக வாங்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் ஒலி குறுக்கே வருகிறது. குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது சுற்றியுள்ள காற்றில் அதிர்ச்சி அலைகள் முளைத்து, குண்டைத் தள்ளாட வைக்கின்றன. போட்டித் தோட்டாக்களை ஒலிக்குச் சற்றே கீழான வேகத்தில் செய்வது இதனால்தான். ஆனால் ஒலியின் வேகம் என்ன, கல்லில் பொறித்த எண்ணா?

இல்லை என்பதை நம்மூரிலேயே அளந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். தாம்பரம் ரயிலில் போகும்போது கண்ணில் படுகிற பரங்கிமலை, அந்தக் காலத்தில் சென்னை ராணுவத்தின் பீரங்கிப் படை இருந்த இடம். அங்கேயும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் நேரம் தவறாமல் பீரங்கி வெடிப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம், 1820, 21-ஆம் ஆண்டுகளில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்தபடி அந்த வெடிகளைக் கணக்கெடுத்தார். மலையில் தீப்பொறி தெரிந்ததிலிருந்து சத்தம் காதில் விழும் வரை எத்தனை நொடி என்பதுதான் கணக்கு. இடையில் சுமார் 9 கிலோமீட்டர். ஏறக்குறைய 26 நொடி. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். மூன்று குண்டோடு நிறுத்துகிற ஆள் இல்லை அவர்! 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அவருடைய அட்டவணையில், மாதத்துக்கு மாதம் ஒலியின் வேகம் ஏறி இறங்குகிறது.

முக்கியக் காரணம் வெப்பநிலை. இன்றைய சூத்திரத்தில் போட்டால், 21 டிகிரி இருக்கும் மார்கழி விடியலில் ஒலி நொடிக்கு சுமார் 344 மீட்டர் ஓடும். 38 டிகிரி கத்திரி வெயிலில் சுமார் 354. பூஜ்ய டிகிரியில் நடுங்குகிற ஐரோப்பியத் திடலிலோ 331தான். அங்கே ஒலியின் வேலியை உரசிக்கொண்டு போகிற 330 மீட்டர் குண்டுக்கு, நம் சென்னை வெயிலில் இடைவெளி தாராளம். வியர்வை பிசுபிசுக்க நிற்கும் வீரருக்கு இது ஒன்றாவது லாபம். முழு லாபமும் இல்லை. சூடேறிய மருந்து கொஞ்சம் வேகமாக எரிந்து, குண்டின் வேகத்தையும் கூட்டப் பார்க்கும்.

தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். பக்கத்தின் மேலே லாட் எண், மணி, வெப்பநிலை. கீழே பத்துப் பத்துக் குண்டாகச் சுட்ட அளவுகள். ஓரம் போன குண்டுகளைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார், ஒன்றைக்கூட அடிக்கவில்லை. தோட்டாப் பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டு எடுத்துவந்த ஒரு மே மாத மதியத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். அந்த இரண்டு பக்கத்திலும் சிவப்புதான் அதிகம்.