அதலை படரும் கொல்லை

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தால் போதும். அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சந்தைகளில், சாக்கு விரிப்பின் மேல் ஒரு சின்னக் காய் குவியத் தொடங்கிவிடும். பாகற்காயின் கடைக்குட்டி மாதிரி இருக்கும். விரல்கணு நீளம், மேலிருந்து கீழாக வரிவரியாகப் புடைப்பு, கரும்பச்சை நிறம். அதுதான் அதலைக்காய். வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள் யாராவது, இது யார் தோட்டத்தில் விளைந்தது என்று கேட்டால் விற்கிற அம்மா சிரிப்பார். "இத யாரு தாயி வெதைக்கா? மழை பேஞ்சா அதுவா வரும்."

அவர் சொல்வது உண்மை. பாகலின் நெருங்கிய சொந்தமான இந்தக் கொடிக்கு மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு உண்டு. தை, மாசியில் கொடி காய்ந்து சருகாகிப் போனாலும் கிழங்கு சாவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும் உள்ளே அது உறங்கிக்கொண்டிருக்கும். மழை இறங்கியதும் முளைவிட்டுப் பருத்திக்கும் மல்லிக்கும் நடுவில் படரும். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, 100 கிராம் அதலைக்காயில் 72 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகச் சொன்னது. பாகற்காயில் அது ஏறத்தாழ 20 மில்லிகிராம்தான்.

சமைப்பதிலும் பக்குவம் உண்டு. காயை நறுக்கக் கூடாது. இரண்டு முனையையும் நகத்தால் கிள்ளிவிட்டு, முழுசாகவே நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்க வேண்டும். பறித்து ஓரிரு நாள் வைத்தாலே வெடித்து விதை சிந்திவிடும் என்பதால் தொலைதூரச் சந்தைக்கு இது போவதில்லை. மிஞ்சியதை வற்றல் போட்டுக்கொள்வார்கள்.

இயற்கையோடு ஒத்துப்போகிற தோட்டம் என்று இன்று நிறையப் பேசப்படுகிறது. நரிக்குடி வட்டாரத்தில் அந்தப் பேச்சை இந்தக் கிழங்கிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

நரிக்குடி, விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்கள் பெயர் சொல்லும் சத்திரம் நரிக்குடியிலேயே உண்டு. மதுரை நாகமலைப் பக்கமிருந்து வரும் கிருதுமால் நதியை நம்பிய கண்மாய்கள் இங்கே அதிகம். அந்த ஆற்றில் தண்ணீர் வருவது அதிசயம் என்றாகிவிட்டதால், கண்மாய்களுக்கு வானம்தான் கதி. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். கேட்க மோசமில்லாத அளவு. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் மண் காத்திருக்க வேண்டியதுதான்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொலவடை இந்தப் பக்கம் அவ்வளவாகச் செல்லாது. இங்கே புரட்டாசிதான் பட்டம். கொல்லையில் அவரை, பீர்க்கு, சுரை, புடலை எல்லாம் அப்போது ஊன்றினால் மார்கழியில் காய்க்கும். நர்சரியில் வாங்கிய அலங்காரச் செடிகளைப் பங்குனியில் நட்டு, லாரித் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப் பார்ப்பவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. குடிக்கவே குடத்தோடு நிற்கிற ஊரில் அது செடிக்கும் பாரம், வீட்டுக்கும் பாரம்.

கோடையைத் தாங்குகிற செடிகள் இங்கே இல்லாமலா இருக்கின்றன? முருங்கை இருக்கிறது, பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதும். வாசலில் வேம்பு, கிணற்றடியில் பூவரசு, கண்மாய்க் கரையில் புங்கனும் பனையும். வேலியில் பிரண்டை, தூதுவளை, கோவை, முசுமுசுக்கை. சளி பிடித்தால் தூதுவளை ரசம், நாக்கு செத்துப்போனால் பிரண்டைத் துவையல் என்று வேலியே பாதி வைத்தியசாலை, பாதி அடுக்களை.

வேலியில் ஆவாரை நிற்கிற கொல்லையில், காலை வெயில் ஏறும் நேரம் சற்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். கட்டைவிரல் பருமனில் கறுத்த தச்சு வண்டு ஒன்று மஞ்சள் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'ஙொய்' என்று உடம்பை அதிர வைக்கும். ஆவாரம்பூவின் மகரந்தம் உதிர்ந்து கொட்டுவதில்லை; சிறு துளை வழியே அதிர்ந்துதான் வெளியேற வேண்டும். கத்தரிப்பூவும் அதே ஜாதி. வேலிக்கு வந்த வண்டு பாத்திக்கும் வரும், கத்தரி நன்றாகக் காய் பிடிக்கும். அந்த வண்டு கூடு குடைவது பட்ட கட்டையில். காய்ந்த கிளைகளையெல்லாம் வெட்டிச் 'சுத்தம்' செய்து, பூச்சிமருந்தும் அடித்துவிட்டு, பூ கொட்டுகிறதே என்று கவலைப்படுவதில் என்ன பயன்?

பூச்சிக்கு வழி இல்லாமலில்லை. அவரைக் கொழுந்தில் அசுவினி அடைந்தால் அடுப்புச் சாம்பலைக் காலைப் பனி ஈரத்தில் தூவுவது பாட்டிமார் பழக்கம். வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை இலைகளை இடித்து, மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்து, வடிகட்டித் தெளிப்பது இயற்கை விவசாயிகள் பரவலாக்கிய முறை. ஐந்தும் இந்தப் பக்கத்துத் தரிசில் கிடைப்பவை. ஆடு மாடு அநேகமாக வாய் வைக்காத இலைகளாகப் பார்த்து எடுப்பதே கணக்கு.

உரத்துக்குக் கிடை. அறுவடை முடிந்த புஞ்சையில் கீதாரிகள் பட்டி அடைப்பார்கள். இரவு முழுக்க ஆடுகள் போடும் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். கண்மாய் வண்டலைச் சேர்த்துப் பரப்பினால் அந்த வருஷத்து நிலம் வேறு நிலம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடையில் ஆடுகளுக்குக் கிடைக்கும் தீனி பெரும்பாலும் வேலிக்காத்தான் நெற்று. விதை செரிக்காமல் புழுக்கையோடு வயலுக்கு வந்து சேர்கிறது. முதல் மழையில் முளைக்கும் கன்றுகளைக் கையோடு பிடுங்காவிட்டால் மூன்றே வருஷத்தில் புஞ்சை காடாகிவிடும்.

சீமைக்கருவேலத்துக்கு இந்தப் பக்கத்துப் பெயர்தான் வேலிக்காத்தான். 1870களின் பிற்பகுதியில் சென்னை மாகாண வனத்துறை விதை தருவித்து ஊன்றிய அமெரிக்க மரம். வேலிக்கும் விறகுக்கும் என்று பரப்பியது கண்மாய், ஊருணி, தரிசு எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. 2022இல் மாநில அரசு அயல் தாவரங்களுக்கெனக் கொள்கையே வெளியிட்டது. ஆனாலும் மழை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம் போட்டுக் குடும்பங்களைக் காப்பாற்றியதும் இந்த மரம்தான். அதை மறந்துவிட்டு வெறுமனே வெட்டச் சொல்வது நியாயமில்லை. வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழையில் அதுவே திரும்பவும் வரும். அங்கே உடனே நிழல் விழ வேண்டும்: புங்கன், நாவல், இலந்தை, குடைவேல்.

அயல் என்றாலே பகை என்பதும் சரியல்ல. இப்பகுதியின் உயிரான மிளகாய், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. சீத்தாவும் அப்படியே, கோவிலாங்குளத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென 'அருப்புக்கோட்டை 1' என்ற சீத்தா ரகத்தையே தந்திருக்கிறது. பக்கத்துச் செடியை வாழ விடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சீத்தா விடுகிறது, வேலிக்காத்தான் விடுவதில்லை.

நம்பிக்கைக்கு உதாரணம் தேடினால் தெற்கே அபிராமம் பக்கம் வல்லந்தைக்குப் போகலாம். வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த நிலத்தை 2007 வாக்கில் வாங்கிய பஞ்சாப் விவசாயிகள், அதை 'அகல்' பண்ணை என்ற பெயரில் மா, கொய்யா, நெல்லித் தோப்பாக மாற்றிக் காட்டினார்கள். ஆனால் அது பெரிய பண்ணை. முதலும் ஆழ்குழாய்த் தண்ணீரும் வேண்டும். ஒன்றரை ஏக்கர் மானாவாரிக்காரருக்கு அந்த வழி எட்டாது.

அவருக்கு நெருக்கமானவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். தஞ்சை மண்ணில் பிறந்தவர் என்றாலும் அவர் மனம் மாறியது, இதே வானம் பார்த்த பூமியான கோவில்பட்டியில். 1960களில் அங்கே அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தபோது, மழையை நம்பிய ஏழை விவசாயிக்கு விலை கொடுத்து வாங்கும் உரமும் விதையும் உதவாது என்று கண்டு, 1969இல் வேலையை விட்டார். 2013இல் மறையும்வரை ஊர் ஊராக நடந்து அவர் சொல்லி வந்தவை மூடாக்கும் நாட்டு விதையும் கால்நடை எருவும்தான்.

அதலைக்கு இப்போது ஆபத்து புஞ்சையில் தெளிக்கும் களைக்கொல்லி. கொல்லியின் கணக்கில் அதுவும் களைதான். விதை எளிதில் முளைக்காது. கிழங்கைப் பெயர்த்து வைப்பதே உறுதியான வழி. கொடி காய்வதற்குள், தை மாதத்திலேயே இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வேரறுபடாமல் தோண்டி, தண்ணீர் தேங்காத வேலியோரத்தில், கரிசலும் வண்டலும் கலந்த குழியில் புதைத்துச் சருகு மூடிவிடலாம். கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். புரட்டாசி கடைசியில், சருகை விலக்கி ஊசிமுனை அளவுக்கு ஒரு பச்சை எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.