பீடிகையும் பாத்திரமும்: நயினாதீவுக் கதைகள் பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கிடக்கும் தீவுகளுள் நயினாதீவு சிறியதொன்று. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளத்திற் செல்வோர்க்கு நாகபூசணி அம்மன் கோயிற் கோபுரம் கடலிலேயே கண்ணிற்படும். அதற்குச் சிறிது தொலைவில், அதே தீவின் கரையில், நாகவிகாரை உள்ளது. ஆனி மாத மகோற்சவத்துக்குக் குடாநாட்டு ஊர்கள் பலவற்றிலிருந்தும் அடியார் திரள்வர். தென்னிலங்கையிலிருந்து வரும் பௌத்த யாத்திரிகர் புத்தபிரான் எழுந்தருளிய பதினாறு தலங்களுள் ஒன்றாக இத்தீவைப் போற்றி வருவர். வருவோருட் பலர் இரு தலங்களையும் வணங்கியே மீள்கின்றனர். கட்டுரைகளிலும் மேடைகளிலும் காணப்படும் எல்லைக்கோடு வள்ளத்தில் ஏறியிருப்போரிடம் அவ்வளவு தெளிவாகக் காணப்படுவதில்லை.

இத்தீவைப் பற்றி வழங்கும் கதைகளைப் புராணமென்று ஒதுக்கிவிடுவதும், நடந்த வரலாறென்று அப்படியே ஏற்பதும் ஆய்வுக்கு உதவா. அவை எதைப் போதிக்கின்றன, யார் வாயிலாகப் பேணப்பட்டன, எவை மறக்கப்பட்டன என்பனவே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாக்கள்.

மகாவம்சத்தின் முதலாம் அதிகாரம் புத்தர் இலங்கைக்கு மும்முறை வந்ததாகக் கூறும். இரண்டாம் வருகை நாகதீபத்துக்கு. ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டிலே, மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணிகள் இழைத்த ஆசனம் ஒன்றன் பொருட்டுப் போருக்கு எழுகின்றனர். இருவரும் மாமனும் மருகனும் ஆவர். தாய்வழிப் பாட்டனார் மகளுக்கு அளித்த ஆசனத்துக்கு, அவர் இறந்தபின் உரியவர் யார் என்பதே வழக்கு. சித்திரை மாதத்து அமாவாசை நாளிற் புத்தர் வான்வழியே வந்து, முதலில் இருளைப் பரப்பி அச்சமூட்டி, பின் ஒளி தந்து தேற்றி, அறம் உரைக்கின்றார். இருவரும் பகை நீங்கி ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிட, அவர் அதனை நாகர் வழிபடுதற்பொருட்டு அவர்களிடமே விட்டுச் செல்கின்றார். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின் சீதனச் சொத்து நியதிகளுக்குள் வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வழக்கின் தன்மையை விளக்கவேண்டியதில்லை.

இனி மணிமேகலையை நோக்குவோம். காவிரிப்பூம்பட்டினத்து உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை, தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் தனியே கண்விழிக்கின்றாள். அங்கே அவள் காண்பது புத்த பீடிகை. இந்திரன் இட்ட அப்பீடிகையைத் தமதென்று கொள்ள நாகநாட்டு மன்னர் இருவர் வந்தனர். அவர்களால் அதனைப் பெயர்க்கவும் இயலவில்லை. அதன்மீது கொண்ட ஆசையை விடவும் இயலவில்லை. படைகொண்டு பொருதனர். புத்தர் தோன்றிப் போரை நிறுத்தி, அது தமக்கு உரியதென்று கூறி, அதன்மீது அமர்ந்து அறம் உரைத்தார்.

மாமன், மருகன், தாய்வழிச் சொத்து முதலிய விவரங்கள் எவையும் தமிழ்க் காப்பியத்தில் இல்லை. பாளி நூலில் மன்னர்கள் ஆசனத்தைத் தாமாகவே கொடுக்கின்றனர். தமிழ் நூலிலோ அது முதலிலிருந்தே அவர்களுக்கு உரியதன்று. பாளி நூல் உரிமையுடையோரின் துறவைப் பேசுகின்றது. தமிழ் நூல் தூக்கவியலாத ஒன்றைத் தமதென்று சொல்வோரின் பேதைமையைப் பேசுகின்றது. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டதெனக் கொள்வதற்கு இவ்வேறுபாடுகள் இடம் தரவில்லை. மகாவம்சம் கி. பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டினது. மணிமேகலையையும் அக்காலத்தை ஒட்டியே ஆய்வாளர் பலர் வைப்பர். அக்காலத்திற் பாக்குநீரிணையின் இருமருங்கிலும் இக்கதை வழங்கிற்று என்றும், பாளியில் எழுதிய தேரரும் தமிழிற் பாடிய சாத்தனாரும் அதனைத் தத்தம் நோக்கிற்கேற்ப எடுத்தாண்டனர் என்றும் கொள்வதே பொருந்தும்.

மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தோடு இணைத்துப் பேசியவருள் முதன்மையானவர் முதலியார் செ. இராசநாயகம் (பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1926இல் வெளிவந்தது). பின்வந்தோர் சிலர் நயினாதீவையே மணிபல்லவம் என்பர். காப்பியம் மணிபல்லவத்தையும், சமனொளி மலையுள்ள இரத்தினத் தீவத்தையும் வெவ்வேறாகவே கூறுகின்றது என்பதை இவர்கள் தமக்குச் சாதகமாகக் காட்டுவர். காப்பிய நிலவியலைத் தேசப்படத்தில் குறிக்கும் முயற்சியில் எமக்கு அத்துணை ஆர்வமில்லை. கதையின் இடம் எதுவாயினும், பௌத்தத்தைத் தன் சமயமாகக் கொண்ட தமிழுலகம் ஒன்று இக்கடற்புறத்தை அறிந்திருந்தது என்பதே முக்கியமானது.

மூன்றாவது கதை சைவ மக்களிடை வாய்மொழியாக வழங்குவது. நாகமொன்று அம்மனைப் பூசிப்பதற்காக அயற்றீவிலிருந்து பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்தி வருகின்றது. கருடன் அதனைக் கொல்ல வட்டமிடுகின்றது. நாகம் கடலிலுள்ள பாறையொன்றைச் சுற்றிக்கொள்ள, கருடன் எதிரேயுள்ள பாறையில் அமர்ந்து காத்திருக்கின்றது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த மாநாய்கன் என்னும் வணிகன் நாகத்துக்காக இரங்கிப் பேச, அவன் தன் பொருளனைத்தையும் அம்மனுக்குக் கொடுப்பதாயின் நாகத்தை விடுவதாகக் கருடன் கூறுகின்றது. வணிகன் அவ்வாறே கொடுக்கின்றான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகளை இன்றும் அங்குள்ளோர் காட்டுவர். மாநாய்கன் என்பது சிலப்பதிகாரத்துக் கண்ணகியின் தந்தை பெயர் என்பதும் கருதற்பாலது. பெருங்கடல் வணிகர்க்குரிய பட்டமாக அச்சொல் வழங்கியது.

பௌத்த நாகரும் சைவ நாகமும் ஒரே தீவின் கதைகளில் இடம்பெறுதல் தற்செயலானதன்று. நாகவழிபாடு இவ்விரு சமயங்களிலும் பழமையானதோர் அடித்தளம். எமது கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. மூன்று கதைகளிலும் பகை ஒரு தரப்பின் வெற்றியால் முடியவில்லை. புறத்தேயிருந்து வந்த ஒருவர் குறுக்கிட, பொருள் ஒன்று கைவிடப்பட, அதனால் முடிகின்றது. மூன்றினுள்ளும் வணிகன் கதையே எமக்கு மிக விருப்பமானது. அங்கே இழப்பவன் பகைகொண்டவனல்லன், வழிப்போக்கன்.

மணிபல்லவத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. ஒழுக்கக் கதை என்ற வகையில் அதுவே தலையாயது. வேள்விக்கென நிறுத்திய பசுவை விடுவித்தமைக்காக ஊராராற் புறந்தள்ளப்பட்ட ஆபுத்திரன் மதுரையில் இரந்துண்டு, இரந்ததை ஏழைகளோடு பகிர்ந்து வாழ்கின்றான். சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத பாத்திரத்தை அளிக்கின்றாள். இந்திரன் பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்து, பசித்தோரே இல்லாமற் செய்துவிடுகின்றான். உண்பாரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன் மணிபல்லவத்தில் இறங்க, அவன் இறங்கியதை அறியாது கப்பல் போய்விடுகின்றது. பல்லுயிர் ஓம்பும் பாத்திரத்தைக்கொண்டு தன் ஒருயிரை மட்டும் ஓம்ப அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டிற்கொருமுறை தோன்றி, அருளுடையோர் கையிற் சேருமாறு வேண்டி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான். அது தோன்றும் நாள் புத்தர் பிறந்த வைகாசிப் பூரணை. அப்பாத்திரமே மணிமேகலை பெற்ற அமுதசுரபி. அதனைக் கொண்டு அவள் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்குகின்றாள்.

வைகாசிப் பூரணையன்று தென்னிலங்கை வீதிகளில் அமைக்கப்படும் 'தன்சல்' என்பது தானசாலை என்ற சொல்லின் மரூஉ. அதற்கு முந்திய சித்திரைப் பூரணையில் யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படித்து, சித்திரைக் கஞ்சி வார்ப்பர். தாயை இழந்தோர் அந்நாளில் விரதம் காப்பர். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என நாம் கூறவரவில்லை. பசித்தவர்க்கு ஊட்டுதலை அறத்தின் முதற்படியாகக் கொண்ட மரபு இரண்டிற்கும் பொது என்பது மட்டும் வெளிப்படை. நயினாதீவுக் கோயிலில் யாத்திரிகர்க்கு உணவளிக்கும் அன்னதானப் பணிக்கும் அமுதசுரபி என்றே பெயரிட்டுள்ளனர். பௌத்தக் காப்பியத்தின் பாத்திரம் அம்மன் சந்நிதியிற் சோறு வழங்குகின்றது. அதனை முரண்பாடாக அங்கு எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

ஆயின் யாழ்ப்பாணத்துச் சைவ மரபு பௌத்தத்தை நினைவிற் பேணிய முறை வேறானது. ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் இம்மண்ணின் தனிச்சிறப்பான கல்விமுறை. எழுத்தறியாதவரும் கந்தபுராணத்தையும் பெரியபுராணத்தையும் செவிவழி அறிந்தனர். மார்கழித் திருவெம்பாவைக் காலத்திற் கோயில்களிற் படிக்கப்படுவது கடவுண்மாமுனிவர் இயற்றிய திருவாதவூரடிகள் புராணம். அதிலே ஈழநாட்டு அரசன் தன் பௌத்த குருவோடும் ஊமைப் பெண்ணான தன் மகளோடும் தில்லைக்கு வருகின்றான். மணிவாசகர் முன் வாதிட வந்த பௌத்தர் ஊமையாகின்றனர். ஊமைப்பெண் வாய்திறந்து அவர்கள் வினாக்களுக்கு விடை கூறுகின்றாள். ஆண்டுதோறும் ஈழத்தவர் கேட்டுவந்த கதையிற் பௌத்தர் தோற்றுப்போகும் ஈழத்தவராகவே தோன்றினர். மணிமேகலையோ கோயிலில் என்றும் படிக்கப்படவில்லை. 1898இல் உ. வே. சாமிநாதையர் அரும்பதவுரையோடு பதிப்பித்த பின்னரே அது தமிழ்க் கல்வியுலகிற் பரவலாயிற்று. ஆபுத்திரன் அறிஞரின் நூலகத்துக்கும், வாதில் தோற்ற புத்தகுரு மக்களின் செவிக்கும் உரியராயினர். தமிழரும் பௌத்தராயிருந்தனர் என்பது பொதுநினைவிலிருந்து நழுவியமைக்கு இது முதன்மையான காரணம் என்பது எமது துணிபு.

பயன் சொல்லிய மண்டபத்துள் யார் இருந்தனர் என்பதும் கேட்கப்படவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் வீதிக்கு வெளியே நின்றே கேட்டனர். கஞ்சியும் தனியே வார்க்கப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அண்மைக்கால நிகழ்ச்சியே. குலம் கேட்கப்பட்டு இழிவுசெய்யப்பட்ட ஆபுத்திரன் தன்னைப் பழித்த அந்தணரிடம் அவர்தம் முனிவரின் பிறப்புகளையே எடுத்துக்காட்டி வாதிடுவான். இப்பகுதி பயனோடு படிக்கப்பட்டிருப்பின் அம்மண்டபங்களில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். தமிழகத்தில் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது ஒடுக்கப்பட்டோரின் பழஞ்சமயமாகவே பௌத்தத்தை மீட்க முனைந்தார். குடாநாட்டிலும் 1950களிலும் 1960களிலும் சாதிக்கொடுமையால் நொந்த சிலர் பௌத்தத்தை நாடினர். ஆனால் அப்போது பௌத்தம் சிங்களப் பேரினவாத அரசியலோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் அம்முயற்சி தழைக்கவில்லை.

இப்பிணைப்பே தொல்பொருள்களையும் பிடித்துக்கொண்டது. கந்தரோடையின் சிறிய முருகைக்கற் தூபிகளைப் போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1936இல் வெளிப்பட்ட வல்லிபுரம் பொற்சாசனம், வசப மன்னன் காலத்தில் (கி. பி. 67-111) நாகதீவை ஆண்ட அமைச்சன் பெயரையும் அங்கு விகாரை எழுந்ததையும் பிராமி எழுத்தில் தருகின்றது. இவற்றைக் கண்டதும் பௌத்தம் எனவே சிங்களம் என ஒரு சாராரும், தமிழர் மண் எனவே பௌத்தம் இருந்ததில்லை என மறுசாராரும் கூறுவர். இரு கூற்றுக்கும் அடியில் இருப்பது சமயமும் இனமும் ஒன்றே என்னும் ஒரே பிழையான எடுகோள். திருகோணமலைப் பகுதியில் வெல்கம் விகாரை 11ஆம் நூற்றாண்டில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றுத் தமிழரின் கொடைகளைப் பெற்றதை அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் கூறுகின்றன. தையிட்டியிலே தனியார் காணியில் எழுப்பப்பட்ட விகாரைக்கு எதிராக 2023 முதல் காணியுரிமையாளர் நடத்திய போராட்டம் நியாயமானது. அது நிலவுரிமை பற்றியது. அதற்கு மறுமொழியாகக் கந்தரோடையின் பௌத்தத்தைத் தமிழர் கைகழுவுவது தம் சொத்தைத் தாமே எதிர்வழக்காளிக்கு எழுதிக்கொடுப்பதாகும்.

நயினாதீவு அம்மன் கோயிலில் ஒரு சாசனம் உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பௌத்த மன்னனாகிய முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது அது. அதன் மொழி தமிழ். ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டுமென அது கூறுகின்றது. யானையும் குதிரையும் கொணரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கேற்றிய கப்பலாயின் சரிபாதி. ஆபுத்திரனை விட்டுச்சென்றதும் மாநாய்கன் வந்ததுமான அதே கடலில், கரையொதுங்கிய பொருள் யாருக்கு உரியதென்ற வழக்கை அம்மன்னன் இவ்வாறு தீர்த்துவைத்தான்.