நாய்க்கு ஓட்ஸ் கொடுக்கலாமா? ஆபத்து ஓட்ஸில் இல்லை... அதோடு சேர்வதில்!

காலையில் அடுப்பில் ஓட்ஸ் கொதிக்கிறது. சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்கு ஒரு கிண்ணம், எடை குறைக்க நினைக்கும் அம்மாவுக்கு ஒரு கிண்ணம். சமையலறை வாசலில் வாலை ஆட்டியபடி காத்திருக்கும் நாய்க்கும் இரண்டு கரண்டி வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். 'நமக்கு நல்லது என்றால் அதற்கும் நல்லதுதானே' என்று பல வீடுகளில் வைத்தும்விடுகிறார்கள்.

தண்ணீரில் நன்றாக வேகவைத்த வெறும் ஓட்ஸை ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு அளவோடு கொடுக்கலாம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால், நம் வீட்டுக் கிண்ணத்தில் ஓட்ஸ் மட்டுமா இருக்கிறது? பால், சர்க்கரை, உலர் திராட்சை, சில வீடுகளில் வெங்காயம் தாளித்த மசாலா என்று எல்லாமே சேர்ந்திருக்கும். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாயின் வயிறு தானியத்தை ஏற்குமா?

'நாய் என்பது மாமிசம் தின்னும் பிராணி, தானியமே கூடாது' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஓநாய்க்கு அது பெருமளவு பொருந்தும். நாய், மனிதர்களோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து பழகிய உயிர். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு, ஓநாய்களைவிட நாய்களிடம் பல மடங்கு கூடுதல் பிரதிகளாக இருப்பதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2013-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நம் ஊர் நாட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறும் கூழும் சாப்பிட்டு வளர்ந்ததில் வியப்பில்லை.

'தானியம் அறவே இல்லாத' நாய் உணவுதான் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட சில உணவுகளைச் சாப்பிட்ட நாய்களுக்கு இதயத் தசை பலவீனமடையும் நோய் வருவதாகப் புகார்கள் வந்ததையடுத்து, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணையைத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லப்படவில்லை. என்றாலும், தானியத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

ஓட்ஸில் என்ன இருக்கிறது?

அரை கப் உலர் ஓட்ஸில், அதாவது சுமார் 40 கிராமில், ஏறத்தாழ 150 கலோரி, 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து இருக்கின்றன. இந்த நார்ச்சத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரையக்கூடியது. அதுதான் ஓட்ஸுக்கு அந்த வழவழப்பைத் தருகிறது. மலம் இளகிப் போகவும் உதவுகிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாத நாய்களுக்கு ஓட்ஸ் ஒரு மாற்று.

அதற்காக ஓட்ஸ் சாப்பிடாத நாய்க்கு எதுவும் குறைந்துவிடாது. சரிவிகித உணவு சாப்பிடும் நாய்க்கு இது எப்போதாவது கொடுக்கும் ஒரு சின்னச் சேர்மானம், அவ்வளவுதான்.

எப்படி வேகவைப்பது?

சாதாரண ஓட்ஸ் பாக்கெட்டே போதும். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். 'ஓட்ஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்க வேண்டும். ஒரு பங்கு ஓட்ஸுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, குழைய வேகவையுங்கள். உப்பு வேண்டாம். நன்றாக ஆறிய பிறகே வையுங்கள். மேலே ஆறியிருந்தாலும் நடுவில் சூடு தங்கியிருக்கும், நாய் ஒரே வாயில் விழுங்கிவிடும்.

வேகாத ஓட்ஸ் நாய்க்கு எளிதில் செரிக்காது. வயிறு உப்பி, வாயு பிரியும். கீழே சிந்திய கொஞ்சத்தை நக்கிவிட்டால் பயமில்லை. கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது.

எவ்வளவு கொடுக்கலாம்?

நாயின் எடையில் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் வேகவைத்த ஓட்ஸ் ஒரு டேபிள்ஸ்பூன். இதுதான் பாதுகாப்பான கணக்கு.

* 5 கிலோ பொமரேனியனுக்கு அரை ஸ்பூன்
* 15 கிலோ நாட்டு நாய்க்கு ஒன்றரை ஸ்பூன்
* 30 கிலோ லாப்ரடாருக்கு மூன்று ஸ்பூன்

வாரத்தில் ஓரிரு நாள் கொடுத்தால் போதும். முதல் முறை இதிலும் பாதியைக் கொடுத்து, ஒரு நாள் கவனியுங்கள். மலம் இளகினாலோ, அரிப்பு வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

'இவ்வளவு கொஞ்சமா?' என்று மனசு கேட்கத்தான் செய்யும். ஆனால், வளர்ந்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்குத் தேவையே சுமார் 600 கலோரிதான். நாம் சாப்பிடும் ஒரு கிண்ணம் ஓட்ஸை அப்படியே வைத்தால், அதில் கால் பங்கு அங்கேயே முடிந்துவிடும். முக்கிய உணவு தவிர்த்த தீனிகள் எல்லாம் சேர்ந்து, ஒரு நாள் கலோரியில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

இவை சேர்ந்தால் ஆபத்து!

வெங்காயம், பூண்டு: மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகளில் வெங்காயத்தூளும் பூண்டுத்தூளும் வழக்கமான சேர்மானங்கள். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, ரத்தசோகையை உண்டாக்கும். சமைத்தாலும் இந்த நச்சு போகாது. தூளில் இன்னும் செறிவாக இருக்கும். ஒரு வாய் சாப்பிட்டதும் நாய் விழுந்துவிடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் ஏமாற்றும். சோர்வு, வெளிறிய ஈறு, அடர்நிறச் சிறுநீர் எல்லாம் சில நாள் கழித்தே தெரியவரும்.

திராட்சை, உலர் திராட்சை: சில நாய்களுக்குச் சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழங்களும் விதைகளும் கலந்த மியூஸ்லியில் உலர் திராட்சை இருக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

புளி: இது பலருக்கும் தெரியாதது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் நாய்களின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று இப்போது கருதப்படுகிறது. அந்த அமிலம் புளியிலும் ஏராளம். புளி சாப்பிட்ட நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2022-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. ஓட்ஸில் சாம்பார் ஊற்றிப் பிசைந்து வைப்பவர்களும், மிஞ்சிய புளிசாதத்தை நாய்க்குப் போடுபவர்களும் கவனிக்க வேண்டும்.

சைலிட்டால்: 'சுகர் ஃப்ரீ' பொருள்கள் சிலவற்றில் இருக்கும் இனிப்பூட்டி. மனிதர்களுக்குப் பிரச்னையில்லை. நாயின் உடலிலோ இது இன்சுலினைக் கொட்டவைத்து, ரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அபாயகரமாகக் குறைத்துவிடும், கல்லீரலையும் பாதிக்கலாம். 10 கிலோ நாய்க்கு ஒரு கிராமே போதும். சர்க்கரை சேர்க்காத பீநட் பட்டர், சூயிங்கம் போன்றவற்றின் லேபிளில் இந்தப் பெயரோ, 967 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சாக்லேட், கோகோ: இதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். சாக்லேட் சுவை ஓட்ஸ் கூடவே கூடாது.

பால், சர்க்கரை, நெய்: இவை விஷமல்ல. ஆனால், குட்டிப் பருவம் தாண்டிய பல நாய்களுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சர்க்கரையும் வெல்லமும் எடையைத்தான் ஏற்றும். நெய் அதிகமானால் கணைய அழற்சி வரலாம்.

யாருக்கு வேண்டாம்?

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கணையப் பிரச்னை உள்ள நாய்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடை கூடிய நாய்க்கும் தேவையில்லை.

குட்டிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஓட்ஸ் கஞ்சியோ, பால்சோறோ, ராகிக்கூழோ மட்டும் கொடுத்து வளர்த்தால், எலும்புக்கு வேண்டிய கால்சியம் சரியான அளவில் கிடைக்காது. கால் எலும்புகள் வலுவிழந்து வளையக்கூடும். வளரும் குட்டிக்கு, அதற்கென்று உள்ள சரிவிகித உணவுதான் முதலில்.

வயிறு சரியில்லாதபோது...

'குட்டி வாந்தி எடுக்கிறது, கொஞ்சம் ஓட்ஸ் கஞ்சி கொடுத்துப் பார்ப்போம்' என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், அது பார்வோ வைரஸாக இருக்கலாம். நீரிழப்பால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடக்கூடிய நோய் அது. கஞ்சி வைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சிகிச்சைக்கான நேரம். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வளர்ந்த நாயாக இருந்து, சுறுசுறுப்பும் குறையாமல் லேசாக வயிறு இளகியிருந்தால், அன்று புதிதாக எந்த உணவையும் தொடங்க வேண்டாம். மலத்தில் ரத்தம் வந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு படுத்தாலோ, ஒரு நாளில் சரியாகாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டால்?

* அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சைலிட்டால், திராட்சை, சாக்லேட் என்றால் உடனே மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.
* என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன... இந்த நான்கையும் சொல்லுங்கள். பாக்கெட் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
* உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அந்த உப்பே நாயின் உயிருக்கு உலைவைத்துவிடும்.
* பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணை இன்றே செல்போனில் பதிந்து வையுங்கள். இரவில் திறந்திருப்பது எது என்றும் விசாரித்து வையுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஓட்ஸ் வெந்ததும், பாலோ மசாலாவோ சேர்ப்பதற்கு முன்பே நாயின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். மீதியை உங்கள் இஷ்டப்படி தாளித்துக்கொள்ளலாம். தாத்தா தன் கிண்ணத்திலிருந்து பாசத்தோடு நீட்டும் அந்த ஒரு ஸ்பூனுக்கு மட்டும் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து தடை போட வேண்டியிருக்கும்!