உப்பு தின்ற வண்டி

மூன்று வருடத்துக்கு முன் என் மச்சான் பழைய எஸ்யூவி ஒன்றை வாங்கினார். 2013 மாடல், ஏழு பேர் உட்காரலாம், டீசல். மீட்டரில் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர்தான் காட்டியது. ஒரே ஓனர், டி.என். 65 பதிவெண், வெள்ளை பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். வாங்கின பிறகுதான் ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லிப்டில் ஏற்றினோம். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கம் கணீரென்று கேட்டது. பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளையும் இடத்தில் சத்தம் அடங்கிப் போனது. ஸ்குரூ டிரைவரைத் திருப்பி முனையால் ஒரு குத்து குத்தினார். உள்ளே போய்விட்டது.

அந்த வண்டி ஒன்பது வருடம் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில், கடலைப் பார்த்த வீட்டு வாசலில், கூரை இல்லாமல் நின்றிருக்கிறது. குறைவாக ஓடியது என்று நாங்கள் சந்தோஷப்பட்டதன் அர்த்தம், அதிக நேரம் உப்புக் காற்றில் நின்றது என்பதுதான்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் துருப்பிடிப்பதைச் சோதிக்க மண்டபம் ஊரில் ஒரு மையம் வைத்திருக்கிறது. இரும்பைச் சீக்கிரம் தின்னும் காற்று வேண்டும் என்று விஞ்ஞானிகள் தேடிவந்த இடத்தில்தான் நாம் கார் நிறுத்துகிறோம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆண்டு முழுவதும் பெயின்ட் அடிக்க ஆள் இருந்தது. அப்படியும் 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், விசேஷப் பூச்சு, வெல்டிங் இணைப்புகள் எல்லாம் போட்டதற்குக் காரணம் இந்தக் காற்றுதான். நம் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பில் கால்வாசி கூடக் கிடையாது.

பெரிய எஸ்யூவிகளில் பல, ஏணி போன்ற சேஸிஸ் மேல் உட்கார்ந்திருப்பவை. இரண்டு நீளமான இரும்புப் பெட்டிகள், நடுவே குறுக்குச் சட்டங்கள். பெட்டிக்குள் தண்ணீர் தங்காமல் வடிய அடியில் சின்னத் துளைகள் இருக்கும். தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரைக்கும் போய்வரும் வண்டியில் அந்தத் துளைகளைக் குறுமணல் அடைத்துக்கொள்கிறது. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழையே பெய்யாத மாதத்திலும் பெட்டிக்குள் ஈரம் காயாது. அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே தெரியும்போது தகடு ஏற்கெனவே பாதியாகியிருக்கும். 2017 ஜூலையில் தனுஷ்கோடி தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால், மணலிலும் கடல் தண்ணீரிலும் இறங்கி ஓடிய வேன்களையும் ஜீப்புகளையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வாட்டர் சர்வீஸ். உப்புப் போகட்டும் என்று நம்பித்தான் வண்டியைக் கொண்டுபோய் விடுகிறோம். கடற்கரையோரம் பெரும்பாலான இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதைப் பிரஷரில் அடித்தால், காற்று நுழையாத மூலைக்கும் உப்பு போய்ச் சேர்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதற்கு முன், எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது கால்மிதி. கடலில் கால் நனைத்துவிட்டு, ஈரத் துணியோடு வண்டியில் ஏறுகிறோம். அந்தத் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சில் ஊறி அங்கேயே கிடக்கும். வாங்கும்போது கூச்சப்படாமல் கால்மிதியைத் தூக்கி, கார்பெட் ஓரத்தைக் கிளப்பி, விரலை வைத்துப் பாருங்கள். ஈரப்பிசுக்கு இருந்தால், முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, குனிந்து அடியில் புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். விற்பதற்கு முந்தைய வாரம் அடித்த பூச்சு துருவை மறைக்கத்தான் உதவும்.

சேஸிஸுக்குப் பிறகு ஏ.சி. கண்டென்சர். முகப்புக்குப் பின்னால் இருக்கும் அலுமினியத் தகடுகள் கையால் தடவினால் பொடியாக உதிரும். ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் நிரப்பினோம் என்று ஓனர் சொன்னால், கசிவை அடைக்காமலே காலம் தள்ளியிருக்கிறார் என்று பொருள். பிரேக் காலிப்பர் பின்கள் இறுகிப்போய் ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். இரும்பு பிரேக் குழாய் புடைக்கும். அது உயிர் சம்பந்தப்பட்டது, பேரம் பேசாமல் மாற்ற வேண்டும். ஒயரிங் இணைப்புகளில் செம்பு பச்சை பூத்து, காரணமே இல்லாமல் எச்சரிக்கை விளக்கு எரியும். அதைத் தேடுவதற்கே ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் போய்விடும்.

உப்புக்குத் தொடர்பில்லாத செலவுகளும் உண்டு. பழைய ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த அடுத்த மாடலின் 2.8 லிட்டர் இன்ஜினில் செயின். அந்தக் கவலை இல்லை. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டெவர் ஓட்ட அருமையான வண்டி. ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. வாங்குவதற்கு முன் பக்கத்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் என்று விசாரித்துவிடுங்கள்.

தினசரிக் கணக்குக்கு வருவோம். இந்த அளவு டீசல் வண்டி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போய்வர மூவாயிரம் ரூபாய்க்கு மேல் டீசல். 17 அங்குல டயர் ஐந்தையும் மாற்றினால் அறுபது எழுபதாயிரம். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் 2022இல் அறிவித்த கட்டணப்படி வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. விற்றவருக்குக் கிடைத்துவந்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும்; பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்து வருடம் முடிந்தால் எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். சேஸிஸ் ஓட்டையோடு அங்கே போய் நிற்க முடியாது.

வெளியூர் வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. ராமேஸ்வரத்திலேயே 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கார்பெட்டை மாற்றினவர்கள்கூட அந்தப் பெல்ட்டின் அடிமுனையில் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்கள். மற்றபடி மதுரைப் பக்கம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காக சர்வீஸ் பில் வைத்திருக்கும் வண்டியை, கடலோரத்தில் தொண்ணூறாயிரம் ஓடிய வண்டியைவிட நான் தைரியமாக வாங்குவேன்.

மச்சான் வண்டியை விற்கவில்லை. தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை என்றார். அரித்த இடத்தை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு பீய்ச்சினார்கள். கண்டென்சர், பிரேக் குழாய், பின்பக்கப் புஷ்கள் எல்லாம் புதிது. வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு போனது.

கழுவுவதுதான் பிரச்சினையாக இருந்தது. பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக் காவிரித் தண்ணீருக்கு நிற்கும் ஊரில், நல்ல தண்ணீரை வண்டிக்கு ஊற்ற அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னது நியாயம். ஐப்பசி கார்த்திகை மழைக்கு மாடித் தண்ணீர் விழும் இடத்தில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வைத்தோம். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த நாளில் மட்டும், மச்சான் அதிலிருந்து இரண்டு வாளி எடுத்து, சக்கர வளைவுகளிலும் சேஸிஸ் துளைகளிலும் ஊற்றுகிறார். துளைக்கு அடியில் கையை வைத்து, மணல் வடிந்து தண்ணீர் தெளிகிற வரைக்கும் காத்திருக்கிறார்.