ராட்டினத்தில் முதல் போடலாமா?

சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தோட்டத்துக் கோயில் திருவிழா என்று ஊவாவில் விழாக்காலம் தொடங்கிவிட்டால் மைதானங்களில் ராட்டினம் ஏறிவிடும். மாலையில் அதைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும் வியாபாரிக்கு, கடையில் கடன் கொப்பியைப் புரட்டுவதைவிட இது மேலல்லவா என்று தோன்றுவது இயல்பு. சரக்கு பழுதாவதில்லை, கடன் கொடுக்க வேண்டியதில்லை, கைக்குக் கை காசு. பழைய ராட்டினம் ஒன்றை வாங்கிப் போடலாமா என்று ஹாலிஎலயில் என்னிடம் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

ஓர் உதாரணத்துக்கு 12 கூண்டுகள், கூண்டுக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 48 பேர். சுற்றுவது 5 நிமிடம்தான். ஆனால் கூண்டு கூண்டாக நிறுத்தி ஆளை இறக்கி ஏற்ற இன்னும் 5 நிமிடம் போகும். மணிக்கு 6 ஓட்டம், மாலையில் 4 மணித்தியாலம் என்றால் 24 ஓட்டம், 1,152 இருக்கைகள். பாதி நிரம்பினால் 576 டிக்கட். 100 ரூபா வீதம் 57,600 ரூபா.

இந்தத் தொகையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. மைதான வாடகை, டீசல், லொறிக் கூலி, பொருத்திக் கழற்றும் ஆட்களின் சம்பளமும் சாப்பாடும், பிரதேச சபைக்குக் களியாட்ட வரி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நமது பக்கம் பின்னேர மழை பிடித்துவிட்டால் வரவு பூச்சியம், செலவு மட்டும் அப்படியே நிற்கும். தோட்டங்களில் 10ஆம் திகதி சம்பளம். அதற்கு முந்திய கிழமையில் மைதானம் எடுத்தவர் வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் காண்பார்.

பெயர் வாங்கியவரின் கதை

இந்தத் தொழிலின் பெருஞ்சக்கரத்தை 1893இல் சிகாகோ கண்காட்சியில் நிறுவியவர் ஜோர்ஜ் ஃபெரிஸ். உயரம் 264 அடி, 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், கட்டணம் 50 சதம். சனம் அலைமோதியது. ஆயினும் இலாபப் பங்கு தொடர்பாக வழக்கும் வம்புமாகி, 1896இல் கடனோடுதான் அவர் இறந்தார். சக்கரம் 1906இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. வியன்னாவில் 1897இல் நிறுவிய சக்கரமோ இன்றும் சுற்றுகிறது. போரில் எரிந்த அதை 1947இல் மீண்டும் இயக்கியபோது, பாதுகாப்புக் கருதி 30 பெட்டிகளை 15 ஆகக் குறைத்தார்கள். பாதி வருமானத்தை விட்டுக்கொடுத்ததால் சக்கரம் மிஞ்சியது.

நமக்கு அருகில் கேரளத்தில், மின் ஸ்டெபிலைசர் செய்து விற்ற கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலாண்ட் பூங்காவைத் தொடங்கினார். அதுவே வொண்டர்லாவாகிப் பெங்களூர், ஹைதராபாத் என்று வளர்ந்து 2025 டிசம்பரில் சென்னைக்கும் வந்தது. சவாரிகளில் பலவற்றை அவர்கள் தாங்களே செய்கிறார்கள். செய்யத் தெரிந்தவனுக்குப் பழுது பார்க்கவும் தெரியும். நம்மில் ராட்டினம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வெல்டிங்காரரையாவது நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியுமா?

உயிர் சம்பந்தப்பட்ட சரக்கு

அரிசியில் கல் இருந்தால் திருப்பி எடுக்கலாம். இதில் அது நடக்காது. 2016இல் சென்னை கிஷ்கிந்தா பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போதே சவாரி உடைந்து ஊழியர் ஒருவர் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சலாய் வீசும் சவாரி முறிந்து விழுந்து 2 பேர் போனார்கள். அவுஸ்திரேலியாவின் ட்ரீம்வேர்ல்டில் 2016 ஒக்டோபரில் நீர்ச் சவாரியில் 4 பேர் இறந்தனர். அன்றைய தினமே அதன் நீர்ப்பம்பி இருமுறை நின்றிருந்தது. மறுபடி முடுக்கி ஓட்டினார்கள், மூன்றாம் முறை உயிர் போனது. 2020இல் அந்தக் கம்பனிக்கு 36 இலட்சம் டொலர் அபராதம்.

நமது மலைநாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே சமதரை என்பது பெரும்பாலும் வெட்டி நிரப்பிய மண். மழை ஊறினால் ஒரு பக்கம் இறங்கும். பலகை அடுக்கி மட்டம் பார்த்ததோடு விடாமல், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மட்டம் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கூண்டுகளை மட்டும் நிரப்பாமல் எதிரெதிராக ஆளேற்ற வேண்டும். ஒவ்வொரு பொருத்தலின் பின்பும் ஆணிகளையும் அவற்றின் பூட்டுக் கம்பிகளையும் ஒருவர் எண்ணிப் புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும். பெயின்ட் பூசி மினுக்கிய வெல்டிங்கைச் சுரண்டி, சாயம் ஊற்றி வெடிப்புப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் கையால் சுற்றி ஆளை இறக்க வழி இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நேரமும் ஆளும் இல்லாதவர்கள் ராட்டினத்தை விட்டுவிட்டு, ஜெனரேட்டர், லொறி, மின்விளக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். சிற்றுண்டிக் கடை போடலாம். சூதாட்டக் கடைகள் வைக்கும் களியாட்டமாயின் அந்தக் கூட்டே நமக்கு வேண்டாம்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: செய்த ஆண்டு, பழுது பார்த்த பதிவு, தகுதியுள்ள பொறியியலாளரின் பரிசோதனை அறிக்கை. விபத்துக் காப்புறுதிக்கும் இவை தேவைப்படும். தர மறுக்கும் விற்பனையாளர் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் முற்பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள். அந்தக் கூண்டில் ஏறப்போவது நமது ஊர்ப் பிள்ளைகள்தான்.