வில்லின் முதுகு

வில் வளையும்போது அதன் இரு முகங்களும் இரு வேறு வருத்தங்களுக்கு உள்ளாகின்றன. எய்பவனை நோக்கிய முகத்தை வயிறு என்றும், இலக்கை நோக்கிய முகத்தை முதுகு என்றும் வில் செய்வோர் வழங்குவர். நாணை இழுக்குங்கால் வயிறு நெருக்குண்டு சுருங்கும். முதுகு இழுபட்டு நீளும். நெருக்குண்ட மரம் தன் குறையை மெல்ல மெல்லக் காட்டும். இழுபட்ட மரமோ முன்னறிவிப்பின்றி ஒரு கணத்தில் அறும். ஆதலினாலேயே முதுகுக்கென வேறொரு மரத்திலிருந்து மெல்லிய சலாகையொன்றைத் தேர்ந்து ஒட்டும் வழக்கம் உண்டாயிற்று.

இயற்கையே இவ்வேலையைச் செய்து வைத்த மரமும் உண்டு. ஐரோப்பாவில் வளரும் யூ மரத்தின் வெளிறு இழுப்பைத் தாங்கும். வைரம் நெருக்கைத் தாங்கும். ஆங்கிலேயர் இரண்டும் ஒருங்கே அமையுமாறு கட்டையைப் பிளந்து, வெளிற்றை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் வைத்து நெடுவில் செய்தனர். 1545 இல் மூழ்கி, 1982 இல் மேலே எடுக்கப்பட்ட மேரி றோஸ் என்னும் போர்க்கப்பலின் அகழ்விலே இத்தகைய விற்கள் நூற்றுக்கு மேற்பட்டுக் கிடைத்தன. யூ வாய்க்காத வடபுலத்துச் சாமி மக்கள், நெருக்குண்டு தடித்த பைன் மரத்தை வயிறாக்கி அதன்மேற் பேர்ச் மரத்தை மீன்பசையால் ஒட்டினர். (நம் நாட்டு வேடரின் வில்லோ ஒரே கொம்பினாலானது, அதன் திறன் வேறு கதை.) பிற்காலத்தார் முதுகுக்கு விரும்பிக் கொண்டது வட அமெரிக்க ஹிக்கறி. மேப்பிள், ஆஷ், மூங்கில் என்பனவும் நன்கு பயன்படும்.

மரத்தின் பெயரை அறிந்தால் போதுமென்று நாமும் ஒருகாற் கருதியிருந்தோம். எமது முதல் வில்லுக்கு, அலையலையாய் நார் ஓடிய மேப்பிள் சலாகையொன்றை அதன் அழகில் மயங்கித் தெரிந்தெடுத்தோம். நாணை முக்காற்பங்கு இழுத்தபோது வெடியோசை போன்றதோர் ஓசை எழுந்தது. வில்லின் மேற்பாதி முறிந்தது; சிம்பொன்று எமது புருவத்தைக் கீறிச் சென்றது. ஓரங்குலம் தாழ்ந்திருப்பின் இதனை ஒற்றைக் கண்ணால் எழுதிக்கொண்டிருப்போம். முறிந்த துண்டை நோக்கியபோது, நார் எவ்விடத்திற் சலாகையின் மேற்பரப்பை விட்டு வெளியேறியதோ அவ்விடத்திலேயே பிளவு தொடங்கியிருந்தது. சீவுளியைத் தொடுமுன் நாரைப் பார்க்கும்படி கல்லூரி மரவேலைக் கூடத்தில் ஆசிரியர் நாள்தோறும் இடித்துரைத்ததன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

ஆகவே முதற்கண் நோக்கவேண்டியது நாரின் போக்கே. அது சலாகையின் ஒரு தலையிலிருந்து மறுதலைவரை நேராக ஓடவேண்டும். 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் சாய்ந்தாலே மரத்தின் வளைவு வலிமையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். ஆண்டு வளையங்களின் கோடுகளை மட்டும் நம்புதல் தகாது. நார் அவற்றினின்றும் விலகி ஓடுவதுண்டு. சீவிய பரப்பில் ஒரு துளி மையை இட்டால் அது நாரின் வழியே பரவிக் காட்டும். இதனினும் உறுதியான சான்று, அதே பலகையின் துண்டொன்றை வாளால் அறுக்காது பிளந்து பார்த்தல். கணு, உளுத்த துளை, மயிரிழை வெடிப்பு ஆகியன உள்ளதை விலக்குக.

இனி, முதுகு வலிதாக இருந்தால் எந்த வயிறும் பிழைக்கும் என்பது பரவலான தவறு. ஹிக்கறியும் மூங்கிலும் இழுப்புக்கு எளிதில் இடங்கொடா. அவற்றை மென்மரத்தின்மேல் ஒட்டினால் வருத்தம் முழுவதும் வயிற்றின்மேல் விழும். வயிற்றிற் குறுக்கே நுண்ணிய மடிப்புக் கோடுகள் தோன்றும். வில் நாண் கழற்றிய பின்னும் கூனியே நிற்கும். ஈப்பே போன்ற வன்மரம் வயிறாக வாய்த்தால் அம்முதுகுகள் பொருந்தும். மென்மையான வயிறாயின் முதுகை மெலிதாக்கியோ, அகலத்திற் சற்றே ஒடுக்கியோ இணக்கவேண்டும்.

சலாகையின் தடிப்பு அரைக்கால் அங்குலம் அளவில் இருத்தல் போதும். அதனையும் வயிற்று மரத்தையும் பல வாரம் ஒரே அறையில் உலரவிட்டபின், ஒட்டுமுகங்களை ஒட்டும் நாளிலேயே புதிதாகச் சீவுதல் வேண்டும். இரு முகங்களையும் சேர்த்து வெளிச்சத்தின் எதிரே பிடித்தால் இடையில் ஒளி கசியலாகாது. ஈப்பே எண்ணெய்ப்பற்றுள்ள மரமாதலின் அசிற்றோன் தோய்த்த துணியால் துடைத்த பின்னரே பசை பூசுக. முன்னோர் வச்சிரத்தைக் காய்ச்சிப் பூசினர். அது ஈரக்காற்றில் இளகும். எமக்கு எப்பொக்சிப் பசையே நம்பிக்கை தந்தது. பழைய துவிச்சக்கர வண்டி ரியூப்பை நீளக் கீற்றுகளாக வெட்டி இறுகச் சுற்றினால் இறுக்கம் எங்கும் சீராகப் பரவும். அந்நிலையில் வில்லை முதுகுப்பக்கமாக ஓரிரு அங்குலம் வளைத்து வைத்து உலரவிடுவர். பின் வரக்கூடிய கூனலை அது ஓரளவு ஈடுசெய்யும்.

மூங்கிலாயின் உட்புறத்தையே தட்டையாகச் சீவவேண்டும். வலிய நார்கள் வெளித்தோலை அடுத்தே செறிந்திருத்தலின், பச்சைப் பூச்சை மட்டும் சுரண்டி, கணுக்களை வெட்டாது விடுக. எம்முதுகாயினும் ஒட்டிய பின் ஓரங்களை உருட்டித் தேய்த்தல் இன்றியமையாதது. கூரிய ஓரத்திலிருந்தே சிம்பு முதலில் எழும். அதன்பின் சீவுவதெல்லாம் வயிற்றில்தான். நாணேற்றி முதன்முறை வளைக்கும்போது சிறிது சிறிதாக வளைத்து, முகத்தை வில்லுக்கு நேரே வையாது நிற்பது நன்று.