விளக்கை அணைத்து விருந்தாளியை அழைக்கும் ஊர்... ஹான்லேயில் ஒரு பகல், ஓர் இரவு!

சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க பல ஊர்கள் கலர் கலராக விளக்குப் போடுகின்றன. லடாக்கின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஹான்லே மட்டும், இருக்கும் விளக்கையும் அணைத்துவிட்டு ஆட்களை வரவழைக்கிறது. காரணம், அந்த ஊரின் சொத்தே இருட்டுதான்!

சீன எல்லைக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே கிடக்கும் குளிர் பாலைவனம் இது. மழை மேகங்களை இமயமலை தடுத்துவிடுவதால் காற்றில் ஈரம் குறைவு. பக்கத்தில் பெரிய நகரம் எதுவும் இல்லை. அதனால் இரவு வானம் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருக்கும். இந்த வானத்தைப் பாதுகாக்கத்தான், 2022 டிசம்பரில் இங்கே 1,073 சதுர கி.மீ. பரப்பை ‘இருள் வானக் காப்பக’மாக லடாக் நிர்வாகம் அறிவித்தது. இந்தியாவில் இது முதல்முறை.

பகலில் என்ன பார்க்கலாம்?

முதலில், குன்றின் உச்சியில் நிற்கும் 17-ம் நூற்றாண்டு புத்த மடாலயம். மேலே ஏறினால் கீழே வெள்ளை வீடுகளும், ஹான்லே ஆறு வளைந்தோடும் புல்வெளியும் ஒரே பார்வையில் தெரியும். ‘கியாங்’ எனப்படும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். கோடையில் கருங்கழுத்துக் கொக்குகளும் வரும்.

அடுத்து, 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்திய வானியல் ஆய்வகம். இங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கு, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து நோபல் பரிசு வென்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இதை இயக்க விஞ்ஞானிகள் மலையேற வேண்டியதில்லை. பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டேயில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். நம்ம ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் இதையும் நடத்துகிறது.

பக்கத்திலேயே, 21 மீட்டர் அகலக் கண்ணாடியுடன் நிற்கிறது ‘மேஸ்’ காமா கதிர் தொலைநோக்கி. 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது.

இரவில்..?

இருட்டியதும் வேடிக்கை ஆரம்பம். தங்கும் வீடுகளின் முற்றத்தில் தொலைநோக்கியை வைத்து, அந்த ஊர்க்காரர்களே வானத்தைக் காட்டுகிறார்கள். இவர்களுக்கு ‘வானியல் தூதர்கள்’ என்று பெயர். ஆய்வகத்தினர் பயிற்சி கொடுத்து உருவாக்கியவர்கள். பெண்களும் பலர் இருக்கிறார்கள்.

நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் போச்சு... மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்!

கண் பழகிவிட்டால், கோடை இரவுகளில் தெற்கு வானிலிருந்து பால்வீதி புகைப்படலம் போல எழுந்து நிற்பது தெரியும். துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கட்டடங்கள் அதை மறைத்துவிடும். இங்கே அது கிட்டத்தட்ட 33 டிகிரி உயரத்தில். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணில் படும் அந்த ஒளி, சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கிளம்பியது.

இருட்டுக்கும் ஆபத்து உண்டு

இந்தப் பகுதி மக்களின் பழைய பிழைப்பு பஷ்மினா ஆடு வளர்ப்பு. கடும் குளிரில் ஆடுகளை ஓட்டிச் செல்லும் வாழ்க்கை இளைய தலைமுறைக்குக் கஷ்டமாக இருக்கிறது. பலர் லே நகரத்துக்கு வேலை தேடிப் போகிறார்கள். நட்சத்திரம் காட்டிக் கிடைக்கும் பணமோ வீட்டு வாசலுக்கே வருகிறது.

ஆனால், இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. கூட்டம் கூடினால் கார்கள் கூடும், விடுதிகள் கூடும், வெளிச்சமும் கூடும். எதைப் பார்க்க வந்தார்களோ, வந்தவர்களாலேயே அது காணாமல் போகும். ஆய்வகத்தின் வேலையும் கெடும். அதனால்தான் ஜன்னலுக்குக் கனமான திரை, கீழ்நோக்கி மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு, இரவில் ஹை பீம் போடாத வாகனம் என்று இங்கே கட்டுப்பாடுகள். இதைக் கறாராகப் பின்பற்றினால்தான் ஊருக்கும் வருமானம், அறிவியலுக்கும் லாபம்.

கிளம்பும் முன் கவனிங்க!

* லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்து, உடல் பழகிய பிறகே ஹான்லேக்குப் புறப்படுங்கள்.

* கடும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உடனே உயரம் குறைந்த இடத்துக்கு இறங்குங்கள். இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

* ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்ல ஏற்ற காலம். அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமியில் போனால் நிலாதான் தெரியும்.

* கோடையிலும் இரவு நடுங்க வைக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் பவர் பேங்க் அவசியம்.

* எல்லைப் பகுதி என்பதால் அனுமதி விதிகளை லேயில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹான்லே போக இப்போதைக்கு வழியில்லையா? பரவாயில்லை. அடுத்த அமாவாசை இரவில் மொட்டை மாடி விளக்கை அணைத்துவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்காருங்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சில நட்சத்திரங்கள் நிச்சயம் தென்படும்!